பொங்காலைப் புகையில் பாதிச் செய்தி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. அமரவிளையில் பஸ் ஏறிய ஸ்ரீகலா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண், முன் இருக்கையில் போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம்தான் கேட்டேன். (மறுபக்கத்தை நானே பேசிக்கொண்டேன். எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும், முகம் தெரியாது.)

2

பூவார் கடலில் காற்று அன்றைக்கு…

வேண்டாம். கடல் வர்ணனை எனக்கு ஆகாது. விஷயத்துக்கு வருகிறேன்.

படகிலிருந்து ரேடியோவில் பேசுவார்கள். பூவாரில் ஒரு மாடியில் ஆளில்லாத இடைப்பெட்டி அதைக் கேட்டு, ஒளிக்கற்றையாக்கி, காரோடு ஊரில் பகவதி கோயிலை ஒட்டிய மாடிக்கு அனுப்பும். அங்கே எத்தனை பிழையோடு வருகிறது என்று ஸ்ரீகலா பார்ப்பாள். மழையில் சோதித்தாள், பனியில் சோதித்தாள். கோயிலைச் சுற்றிப் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் பொங்காலை நாளை யோசிக்கவில்லை. அதைவிட, ஒளி வந்து விழும் கண்ணாடிக்கு நேர் கீழேயே பிரசீதாவுக்கு அடுப்பு வைக்க இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். பிரசீதாவின் கணவன் சிஜுதான் அந்தச் சோதனை ரேடியோவோடு மீன்பிடிக்கப் படகில் போயிருந்தான். பொங்காலை வேண்டுதல் அவனுக்காகத்தான்.

3

"அக்கா, அடுப்ப அணைக்கணும். எஞ்சின் நின்னுட்டாம். எங்க நிக்கியாருன்னு அண்ணன் சொல்லுதாரு, அது மட்டும் பிழையாட்டு வருது. இடம் தெரியாம காப்பாத்த வள்ளம் எங்க போவும்?"

"கோயில் தாய் அடுப்புல வாங்கின தீயாக்கும். பொங்காம அணைச்சா அவியளுக்கு ஆகாது."

"உங்க புகைதான் மறைக்குது."

"இடம் பிடிச்சது நீதானே மக்கா?"

"புகைய யோசிக்கல்ல."

"பொங்காலைக்குப் புகை வராம பின்ன பனியா வரும்?"*

4

இடைப்பெட்டி இரண்டு விதமாக வேலை செய்யலாமாம். கேட்டதை இரைச்சலோடு பெருக்கி அனுப்பலாம். அல்லது, சொன்னது இதுதான் என்று தானே தீர்மானித்துப் புதிதாக அனுப்பலாம். தீர்மானம் தப்பானால் அந்தத் தப்பு துலக்கமாகப் போய்ச்சேரும். எது நல்லது என்று எனக்கு விளங்கவில்லை.

முடிவு ஒன்று: பிரசீதா தண்ணீரை ஊற்றுகிறாள். (ஈர விறகு இன்னும் புகையுமே. அடித்துவிடுங்கள்.)

முடிவு இரண்டு: பானை பொங்குகிறது, அதற்குள் சிஜு…

தீர்மானித்து அனுப்ப என்னால் ஆகாது. பிரசீதாவின் கை எரியும் விறகில் இருக்கிறது. பானை விளிம்பில் நுரை கட்டுகிறது. ஸ்ரீகலா மறுபடியும் "அக்கா" என்கிறாள். விறகை இழு என்பதோ பொங்கும்வரை பொறு என்பதோ, நீங்கள் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள், அங்கே பெண்கள் குரவையிடும் சத்தம்.

* இந்தப் பேச்சில் பஸ்ஸில் கேட்டது "அக்கா அடுப்ப விட்டு நவுரல்ல" என்பது மட்டும்தான். மற்றது நான் பெருக்கியது.