புள்ளடி போடும்வரை

தக்ஷாயினியின் துண்டுப்பிரசுரம் இரண்டு மொழிகளில் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. நோர்வேஜிய மொழியில் உள்ளதில், கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடும் ஒரு பெண்கள் அமைப்பு ஒஸ்லோ மாநகரசபைத் தேர்தலில் அவளை ஆதரிக்கிறது என்பது முதல் வரியிலேயே இருந்தது. தமிழில் அந்த வரி கிடையாது. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, குரோருட் பகுதிக்கு ஒரு விளையாட்டுத் திடல், அவ்வளவுதான்.

அந்த வரியை நீக்கச் சொன்னவர் அங்குள்ள தமிழருக்குள் பெரிய மனிதரான சிவானந்தன். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். தேர்தல் வந்தால் போதும், தொலைபேசியைக் கையில் எடுத்துவிடுவார். எந்தக் கட்சி என்று பார்க்கத் தேவையில்லை, வாக்குச்சீட்டில் தமிழ்ப் பெயரைத் தேடி அதற்கு நேரே புள்ளடி போடுங்கோ என்று வீடு வீடாகச் சொல்லிவிடுவார். சனமும் போடும். கட்சிப் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்த பெயர்கள் அந்தப் புள்ளடிகளால் மேலே ஏறிச் சபைக்குள் போயிருக்கின்றன. தக்ஷாயினியின் பெயரும் அடியில்தான் கிடந்தது.

"பிள்ளை, வெள்ளைக்காரருக்கு என்னத்தையும் சொல்லும்," என்றார். "எங்கட சனத்துக்கு உந்தக் கருக்கலைப்புக் கதை வேண்டாம். ஒரு வீடு கதைக்கத் தொடங்கினால் ஸ்டோவ்னர் முழுக்கக் கதைக்கும்."

"ஓம் அண்ணை," என்றாள் தக்ஷாயினி. நாலு வயதில் வந்து குரோருட்டில் வளர்ந்தவள், வங்கியில் வேலை, மேடை ஏறினால் வாய் ஓயாதவள். அந்த ஒரு "ஓம்" அவளுக்கு அவ்வளவு லேசாக வந்தது.

ஒன்றில் மட்டும் அவள் யாரையும் ஏமாற்றவில்லை. புதிதாகக் கலியாணம் முடித்து வந்த பெண்களிடம் போய், "பிரஜாவுரிமை இல்லாட்டியும் பரவாயில்லை, மூண்டு வருசம் இஞ்சை பதிவோடை இருந்தால் நகரசபைக்கு உங்களுக்கு வோட்டு இருக்கு, பேர் தானாகவே பட்டியலிலை இருக்கும்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. பாதிப் பேருக்கு அது தெரியாது. புருசன்மார் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாதோ, சொல்ல மனமில்லையோ, யார் கண்டது!

அப்படிப் பழக்கமானவள்தான் நிலூஜா. இருபத்தாறு வயது. வந்து மூன்று வருடம் கழிந்திருந்தது, இரண்டு பிள்ளைகள், எட்டாம் மாடியில் வீடு. புருசன் கபிலன் விளையாட்டுக் கழகக் காரியதரிசி, ஊருக்கு நல்லவன்.

முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்கள் தொடங்கியிருந்தன. ஸ்டோவ்னர் கடைத்தொகுதி வாசலில் தக்ஷாயினி தமிழ்ப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றபோது நிலூஜா தள்ளுவண்டியோடு வந்தாள். கையில் இருந்தது நோர்வேஜியப் பிரசுரம்.

"மொழி வகுப்பிலை தந்தவை அக்கா. அகராதி வைச்சு முதல் வரியை வாசிச்சனான். நீங்கள் உதுக்கு ஆதரவோ?"

"ஓம். ஏன்?"

நிலூஜா சுற்றிப் பார்த்தாள். "எனக்கு நாள் தள்ளி ஒண்டரை மாதம் அக்கா. இந்தப் பிள்ளையை என்னாலை ஏலாது. சின்னவன் பிறந்தாப் பிறகு நான் யன்னலடிக்குப் போறேல்லை. போனால் எனக்கு என்னிலை பயம். அவருக்குச் சொன்னால் கோயிலுக்குப் போய்க் கும்பிடு எண்டுறார். ஆஸ்பத்திரிக்கு என்னோடை வருவீங்களோ? இல்லாட்டி நம்பரைத் தாங்கோ, நான் தனிய போறன்."

தக்ஷாயினிக்கு நெஞ்சு பதறியது, உண்மைதான். ஆனால் அந்தப் பதற்றத்துக்குள்ளேயே இன்னொன்றும் கணக்குப் போட்டது. அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் சனம் இல்லாத மாடி உண்டா? துப்புரவுக்கு, சமையலுக்கு, தாதி வேலைக்கு, எங்கு திரும்பினாலும் தெரிந்த முகம். கபிலனின் மனைவியைக் கருக்கலைப்புப் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு வேட்பாளர் போனாள் என்றால், பின்னேரமே கதை முடிந்தது. புள்ளடியும் போச்சு, சபையும் போச்சு. ஒன்றரை மாதம்தானே, ஆறு கிழமை. சட்டப்படி பன்னிரண்டு கிழமை வரை யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. நேரம் கிடக்கிறது.

"தனிய போகாதேயும், மொழி தெரியாமல் மாட்டுப்படுவீர்," என்றாள். "தேர்தல் முடியட்டும். அடுத்த நாளே நான் கூட்டிக்கொண்டு போறன். சத்தியமா."

நிலூஜா அவள் கையிலிருந்த தமிழ்ப் பிரசுரத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். வாக்களிக்கும் இடம் எது என்று கேட்டாள். தக்ஷாயினி கை நீட்டி நூலகத்தைக் காட்டினாள். வெட்கம்கெட்ட கை!

தக்ஷாயினி வென்றாள். கட்சி ஆட்களே வாயைப் பிளந்தார்கள், அவ்வளவு புள்ளடி. சிவானந்தன் மாலை போட்டுப் படம் எடுத்தார். சொன்ன சொல் தவறாமல் மறுநாள் காலை அவள் நிலூஜாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டொக்டர் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார். அளந்தார். மறுபடியும் அளந்தார். பன்னிரண்டு கிழமை தாண்டிச் சில நாட்கள் என்றார்.

"இருக்காது," என்றாள் தக்ஷாயினி. "அவளுக்கு இப்ப ரெண்டு மாதம்."

கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்துதான் இங்கே எண்ணுவோம் என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். நிலூஜாவோ தாயும் பெரியம்மாவும் எண்ணுகிற மாதிரி, வரவேண்டிய நாளில் வராமல் போன தேதியிலிருந்து எண்ணியிருந்தாள். நடுவே ஒரு மாதம் அவர்கள் இருவர் கணக்கிலும் இல்லாமல் போயிருந்தது. கடைத்தொகுதி வாசலில் அவள் வந்து நின்ற அன்றே போயிருந்தால் நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது.

இனி இரண்டு டொக்டர்கள் கொண்ட குழுவின் முன் போய்க் காரணம் சொல்ல வேண்டும். அவர்கள் சம்மதித்தால்தான் கலைக்கலாம்.

"யன்னல் கதையைச் சொல்லும்," என்று தக்ஷாயினி மன்றாடினாள். "எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லும். அது காணும், கட்டாயம் தருவினம்."

குழு கூடிய அறையில் மேசை நடுவே ஒலிபெருக்கித் தொலைபேசி. தக்ஷாயினி துணைக்கு இருக்கலாம், மொழிபெயர்க்கக் கூடாது, அது சட்டம். பெண் மொழிபெயர்ப்பாளரைத்தான் ஒழுங்கு செய்திருந்தார்கள், அவருக்கு அன்று சுகமில்லை. வேறு ஒருவர் தொலைபேசியில் இணைந்தார். பெயர் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பாளர் இலக்கம் மட்டும் சொன்னார்.

"வணக்கம். நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் நான் அப்பிடியே மொழிபெயர்ப்பன். ஒண்டும் வெளியிலை போகாது. பயப்பிடாமல் சொல்லுங்கோ, தங்கச்சி."

நிலூஜாவின் முகம் வெளிறிவிட்டது. ஒஸ்லோவில் அந்தக் குரலைத் தெரியாத தமிழன் யார்! வருடா வருடம் தமிழர் விளையாட்டுப் போட்டியில் ஒலிவாங்கி பிடிக்கிற இரத்தினவேல். கபிலனோடு ஒரே கழகத்தில் இருப்பவர், சின்னவனின் பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர். பாவம், அவர் மேல் குற்றமில்லை. வாய் திறக்கமாட்டார், நல்ல மனிதர். ஆனால் நான் சாக நினைத்தேன் என்று அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது? அவர் அதைத் தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்ல, கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது?

"வேறை நாள் கேப்பம்," என்று தக்ஷாயினி காதுக்குள் சொன்னாள். "வேறை ஆளைக் கேப்பம்."

"வேறை ஆள் எண்டால் வேறை ஆரின்ரையோ சொந்தக்காரர்," என்றாள் நிலூஜா. பிறகு தொலைபேசியைப் பார்த்து, தெளிவாக, "எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. பிள்ளையைப் பெறுறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

இரத்தினவேல் அப்படியே மொழிபெயர்த்தார். டொக்டர் இரண்டு தரம் கேட்டார், நிச்சயமாகவா என்று. நிலூஜா இரண்டு தரமும் தலையாட்டினாள். தக்ஷாயினி நடுவே பேசப் போனாள். "தயவுசெய்து அவரே சொல்லட்டும்," என்று டொக்டர் தடுத்தார். ஒரு பெண்ணின் முடிவில் மற்றவர் தலையிடக்கூடாது. தக்ஷாயினி மேடைக்கு மேடை முழங்கியதும் இதைத்தான்.

ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்துச் சட்டம் மாறியது. பன்னிரண்டு கிழமை பதினெட்டானது. நிலூஜாவுக்கு அதனால் என்ன!

தேர்தல் நடந்த அந்த வருட மார்கழியில் ஸ்டோவ்னர் ரயில் நிலையத்தில் தக்ஷாயினி அவளைக் கண்டாள். குளிர் அங்கிக்கு மேலாகவே வயிறு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. நோர்வேஜிய வகுப்பை விட்டுவிட்டாளாம். யன்னலுக்குக் கபிலன் பூட்டுப் போட்டிருக்கிறானாம், பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று. அதைச் சொல்லிவிட்டு நிலூஜா மெல்லச் சிரித்தாள்.

"என்னை மன்னியும்," என்றாள் தக்ஷாயினி. மாதக்கணக்காக ஒத்திகை பார்த்தது அவ்வளவுதான் வந்தது. "எனக்குக் கணக்குத் தெரியாமல் போச்சு."

"கணக்கை விடுங்கோ அக்கா. அண்டைக்கு நீங்கள் பொறுக்கச் சொன்னது ஏனெண்டு எனக்கு அப்பவே விளங்கினது." நிலூஜா தள்ளுவண்டியைத் திருப்பினாள். "எண்டாலும் அண்டைக்கே நூலகத்துக்குள்ளை போய் உங்களுக்குத்தான் புள்ளடி போட்டனான். வேறை ஆரிட்டை நான் போறது?"