சகலையின் ரீங்காரம்

என் சகலைக்கு எறும்பு என்றால் ஆகாது. சர்க்கரை டப்பாவுக்குள் ஓர் எறும்பு எட்டிப் பார்த்த குற்றத்துக்காகத் தோட்டம் முழுக்க மருந்தடித்தார். அதுவும் பூக்கள் விரிந்திருக்கும் காலை நேரம் பார்த்து. மருந்தின் வீரியத்தைக் கேளுங்கள்: என் வீட்டுச் சுவரில் இருந்த பல்லி அன்றைக்கே மனைவி மக்களோடு வேறு வீடு பார்த்துப் போய்விட்டது. எறும்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தவை தேனீக்கள்.

அக்காவை நானும் தங்கையை அவரும் கட்டிக்கொண்டு, நடுவில் இடுப்பளவுச் சுவர் வைத்துக் குடியிருக்கிறோம். இரு பக்கமும் பூசணிக்கொடி. தேனீ போன பிறகு என் கொடியில் பெண் பூக்கள் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சோடு மலர்ந்தன. பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தது. சகலை சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"அண்ணே, கொடியக் குறை சொல்லக்கூடாது. சில பேர் கை அப்படி. தொட்டது துலங்காது."

அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையைக் கனைத்தாலே கேட்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்டவர் சொன்னதால் இரு வீட்டிலும் அது சட்டமாகிவிட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் என் மனைவி வாளியைப் பிடுங்கினாள். "உங்க கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, போதும்." பாலுக்கு உறை ஊற்றக்கூட விடவில்லை.

அன்றே முடிவு செய்தேன். சொன்ன வாயாலேயே அந்த மனிதர் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். தனியாக அல்ல, இரு வீட்டார் முன்னிலையில்.

பூசணி விடியலில் விரியும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண். வெறும் காம்பு என்றால் ஆண். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் தண்டைப் பெண் பூவுக்குள் தடவ வேண்டும். தேனீ செய்வதும் இதுதான். அது கொஞ்சம் பாட்டுப் பாடிக்கொண்டே செய்யும். என் கொடியிலும் ஆண் பூ நிறையவே இருந்தது. ஆனாலும் தினமும் சுவருக்கு மேலே கையை நீட்டி, அவர் கொடியின் ஆண் பூக்களைத்தான் மொத்தமாகப் பறித்தேன். ஒரே பூவில் எனக்குக் காய், அவருக்குப் பூஜ்யம்.

என் பந்தலில் பிஞ்சுகள் பிடித்துக் குடம் குடமாக இறங்கின. மனைவி பார்த்தாள். "பாத்தீங்களா? நான் தண்ணி ஊத்த ஆரம்பிச்சதும் எப்படிக் காய்க்குது!"

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கொடியில் ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் சுவரோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ரகசியம் என்ன?"

"கொடிக்குக் காது உண்டு சகல. தேனீச் சத்தம் கேட்டாத்தான் பிஞ்சு பிடிக்கும். காலையில ரீங்காரம் போட்டுக்கிட்டே சுத்தி வாங்க."

"நானா?"

"தக்காளிப் பூவே அதிர்வுலதான் மகரந்தத்தக் கொட்டுது. படிச்சவர், உங்களுக்குத் தெரியாததா?"

தக்காளி விஷயம் உண்மை. பொய்யில் அந்த அளவு உப்பு இருந்தால்தான் இறங்கும்.

"கையை ஆட்டணுமா?"

"ஆட்டாம விட்டா வண்டுன்னு நினைச்சுக்கும்."

மறுநாள் முதல் அந்த சூப்பிரண்டெண்ட், பனியனோடு, இரண்டு கைகளையும் படபடவென அடித்துக்கொண்டு, ரீங்காரமிட்டபடி பந்தலைச் சுற்றினார். பால்காரர் பாலைப் பாத்திரத்துக்கு வெளியே ஊற்றினார். பேப்பர் போடுபவர் எங்கள் தெருவைக் கடைசியாக வைத்துக்கொண்டார், நிதானமாகப் பார்ப்பதற்கு.

அவர் குரல்வளம் அப்படியா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு தேனீக் கூட்டமே ராணியோடு வந்து, மேலே வட்டமடித்து, அவருடைய மோவாயில் இறங்கியது. மார்பு வரை தேனீத் தாடி. தாடி அசைந்தது. அவர் அசையவில்லை, விரித்த கைகள் விரித்தபடியே நின்றன.

கொழுந்தியாள் அலறினாள். "அத்தான்! ஓடி வாங்க!"

நான் நடந்தே போனேன், நாற்காலியோடு. என் மனைவியும் வந்துவிட்டாள்.

"ஆடாதீங்க சகல. உண்மையச் சொன்னாத்தான் இதுங்க கோபம் தணியும்."

"என்ன உண்மை?" உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"இதுங்க சொந்தக்காரங்கள மருந்தடிச்சுக் கொன்னது யாரு?"

"நான்தான்."

"உங்க அண்ணி காதுல விழலையாம்."

"நான்தான் கொன்னேன்! அதனாலதான் பிஞ்சு விழுந்துச்சு! அண்ணன் கையில ஒரு குறையும் இல்ல!"

என் மனைவி என் கைகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து, அந்தக் கையிலேயே கொடுத்தாள்.

இப்படி இடம் தேடி வந்து தங்கும் கூட்டம் யாரையும் சீண்டாது. வெயில் சாய்வதற்குள் தானாகவே கிளம்பிவிடும். அது எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பாவம்ங்க, ஏதாவது பண்ணுங்க," என்றாள் மனைவி.

"பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்," என்று நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.