பத்திரத்தில் போட்ட விலை

இடது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டைக்குள் கையை நுழைக்கும்போதே கழுத்திலிருந்து முழங்கை வரை பிடித்து இழுத்தது. பதினெட்டு வருஷம் வாழைத்தார் சுமந்த தோள். தார் ஒன்று முப்பது கிலோ வரும். வயலிலிருந்து வரப்புக்கு, வரப்பிலிருந்து லாரிக்கு. சுமந்த காலத்தில் இவ்வளவு வலித்ததில்லை. சுமப்பதை விட்ட பிறகுதான் வலி. நேற்று இரண்டு லோடுமேன்கள் மயிலாடும்பாறையில் ஒரு சாவுக்குப் போய்விட்டார்கள். லாரி காத்து நின்றதால் பங்கிராஸே கூடைகளைத் தூக்கிப் போட்டான். நாற்பத்தெட்டு வயதில் அது ஆகவில்லை.

"முதலாளின்னு பேரு. கூலி மிச்சம்னு தூக்குனீகளாக்கும்" என்றாள் மனைவி இருதயம்மாள். மருந்தைத் தேய்த்துவிட்டு, வங்கியிலிருந்து வந்த பதிவுத் தபாலை எடுத்துக் கொடுத்தாள்.

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போகிற சாலையில் நாற்பது சென்ட் நிலத்தில் அவனுடைய சேம்பர் இருக்கிறது. காய்த் தாரைச் சீப்பு சீப்பாக வெட்டிக் கூடையில் அடுக்கி, குளிரறையில் நான்கைந்து நாள் வைத்துப் பழுக்கவிட்டுக் கேரளாவுக்கு அனுப்புவான். அதைக் கட்ட நான்கு வருஷத்துக்கு முன்னால் வங்கி எழுபத்தெட்டு லட்சம் கொடுத்தது. ஒரு தவணை தவறவில்லை. அசலில் நிற்பது இப்போது அறுபத்து நான்கு. அப்படியிருந்தும், அறுபது நாளுக்குள் பன்னிரண்டு லட்சம் கட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு சொத்து ஈடு தர வேண்டும் என்று தபாலில் எழுதியிருந்தது. இரண்டும் இல்லையென்றால் மொத்தக் கடனையும் திருப்பிக் கேட்பார்கள். சேம்பர் ஏலத்துக்குப் போகும்.

வங்கியில் மேலாளர் சுபாஸ்ரீ கடன் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசினாள். வயதில் சின்னவள், மரியாதையானவள். பதினான்காம் பக்கத்தில் ஒரு பத்தியைக் காட்டினாள். அடமானச் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு அறுபத்தைந்துக்கு மேல் கடன் நிற்கக் கூடாது. எந்த நாளிலும் கூடாது. சொத்தை வங்கி எப்போது வேண்டுமானாலும் மறுபடி மதிப்பிடலாம். கீழே பங்கிராஸின் கையெழுத்து இருந்தது. அன்றைக்கு அவன் ஐம்பது அறுபது இடத்தில் கையெழுத்துப் போட்டான். கேட்டது இரண்டே கேள்வி: வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு.

"தவணை தவறலயேம்மா" என்றான்.

"தவறல சார். அது வேற, இது வேற."

கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினாள். அன்றைக்கு நிலம் அறுபது லட்சம், கட்டடமும் இயந்திரமும் அறுபது லட்சம். மொத்தம் ஒரு கோடியே இருபது. அதில் அறுபத்தைந்து பங்குதான் எழுபத்தெட்டு. இன்றைக்குக் கட்டடத்திலும் இயந்திரத்திலும் தேய்மானம் போக ஐம்பது. நிலம் முப்பது. ஆக எண்பது லட்சம். அதற்கு ஐம்பத்திரண்டு வரைதான் கடன் நிற்கலாம். அறுபத்து நான்கு நிற்கிறது.

தேய்மானத்தை அவன் ஒத்துக்கொண்டான். கம்ப்ரசரின் சத்தமே சொல்லும். ஆனால் நிலம் எப்படிப் பாதியாகும்? அந்தச் சாலையில் நிலத்தின் விலை ஏறியதே தவிர இறங்கியதில்லை. சென்ட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சுபாஸ்ரீ மதிப்பீட்டு அறிக்கையைப் புரட்டினாள். "பக்கத்து நிலம், இருபது சென்ட். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பதினஞ்சு லட்சத்துக்குப் பதிவாகியிருக்கு. சென்ட் எழுபத்தஞ்சாயிரம். அதை வச்சுத்தான் போட்டிருக்காங்க." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "வாங்கினவர் பேரு நீங்கதான் சார்."

அவன் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

லாரி திரும்ப இடம் போதவில்லை என்று பக்கத்திலிருந்த சின்னச்சாமியிடம் அந்த இருபது சென்ட்டை வாங்கியிருந்தான். பேசிய விலை முப்பது லட்சம். பத்திரத்தில் அரசு வழிகாட்டி மதிப்பான பதினைந்தை மட்டும் போடலாம் என்று சொன்னது பங்கிராஸ்தான். சின்னச்சாமிக்கு மனமில்லை. பத்திரம் எழுதுகிறவரின் கடையில் உட்கார்ந்து, முழு விலையையும் எழுதி முழுப் பணத்தையும் வங்கியில் போட்டுவிடும்படி கெஞ்சிக் கேட்டார். ரொக்கம் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் மனைவி மொக்கம்மாளின் அண்ணன் தம்பிகள் வந்துவிடுவார்கள் என்று பயந்தார். பங்கிராஸ் கேட்கவில்லை. மிச்சப் பதினைந்துக்கு நூற்றுக்கு ஒன்பது வீதம் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் வரும். ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு எத்தனை தார் சுமக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஊரில் எவனண்ணே முழுசாக எழுதுகிறான் என்றான். சின்னச்சாமி மடங்கினார்.

பதினைந்து வங்கி வழியாகப் போனது. பதினொன்று ரொக்கமாக, இரண்டு பையில். மீதி நான்கை அடுத்த வாழை வெட்டில் தருவதாகச் சொன்னான். அடுத்த வெட்டில் காய் விலை விழுந்தது. அதற்கடுத்த வெட்டில் காற்றடித்து மரம் சாய்ந்தது. நான்கு அப்படியே நின்றது. எங்கும் எழுதப்படவில்லை. அதற்கிடையில், பயந்தபடியே மச்சான்கள் வந்து, போர்வெல் போட என்று மூன்று லட்சத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மதிப்பீட்டாளர் வினோத்ராஜுக்குப் போன் போட்டான். அவர் வருத்தப்பட்டுத்தான் பேசினார். முன்பெல்லாம் நான்கு பேரிடம் விசாரித்து எழுதுவார்களாம். இப்போது பதிவான பத்திரத்தைச் சாட்சியாகக் காட்டச் சொல்லித் தலைமை அலுவலகத்தில் கேட்கிறார்களாம். அந்த வரிசையில் நான்கு வருஷத்தில் பதிவானது இந்த ஒரு பத்திரம்தான். கடைசியில், விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து உண்மை விலையை எழுதிக் கொடுத்தால் அறிக்கையோடு வைத்து அனுப்பிப் பார்க்கலாம், ஏற்பதும் தள்ளுவதும் வங்கி பாடு என்றார். பங்கிராஸின் காதில் முன்பாதி மட்டும் விழுந்தது.

அந்த இருபது சென்ட்டை விற்றுக் கட்டலாம் என்றால் அதுவும் முடியாது. ரொக்கம் புரட்டுவதற்காக அந்தப் பத்திரத்தைத் தேனியில் ஒரு பைனான்ஸில் வைத்திருந்தான். அவசரத்துக்கு விற்றால் பைனான்ஸ் பாக்கி போக எட்டு லட்சம்கூடத் தேறாது. மிஞ்சியது இராயப்பன்பட்டியில் இருக்கும் வீடு. அது இருதயம்மாள் பெயரில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் அவள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, கம்பம்மெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துக் கட்டிய வீடு.

அதை ஈடு வைப்பது பற்றிச் சொன்னபோது அவள் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சேம்பர் போனா மறுபடியும் சுமக்கப் போவீக. வீடு போனா எங்கன போய்ப் படுப்பீக?"

மறுநாள் சின்னச்சாமி வீட்டுக்குப் போனான்.

அவர் மருந்தடிக்கிற இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மொக்கம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"வாங்க தம்பி. நாலு லட்சத்தோட வந்திருக்கீகளா, வெறுங்கையா?"

"அது விசயமாத்தான் வந்தேன்னு வைங்க மதினி."

"அப்படி வச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வருசமா இருக்கோம்."

வங்கி சொன்னதையெல்லாம் அவன் உட்கார்ந்து சொன்னான். அறுபத்தைந்து பங்கு, பன்னிரண்டு லட்சம், அறுபது நாள். சின்னச்சாமி கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துக் கையைத் துணியில் துடைத்தார்.

"அன்னைக்கு முழுசா எழுதுன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன?"

பங்கிராஸ் தரையைப் பார்த்தான்.

"உன் வாயாலேயே சொல்லுப்பா."

"ஊருல எவன் எழுதுறான்னு சொன்னேன்."

"இப்ப எழுதணும்ங்குற."

"ஆமண்ணே."

இன்கம்டாக்ஸ்காரர்கள் தன்னிடம் வருவார்களா என்று கேட்டார். வரலாம் என்றான் பங்கிராஸ். அதில் அவன் பொய் சொல்லவில்லை. வந்தால் மச்சான்கள் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புவதாகவும், மூன்று லட்சத்தை வசூல் பண்ணிவிட்டால் பாதியை அதிகாரிகளே வைத்துக்கொள்ளட்டும் என்றும் சின்னச்சாமி சொன்னார். மொக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"எழுதலாம். வெல முப்பதுன்னு எழுதுனா, வாங்குனது இருபத்தாறுன்னும் எழுதணும். மிச்சம் நாலுன்னும் எழுதணும். பாதிய மட்டும் எழுதி ஒருக்கா பட்டது போதும்."

பங்கிராஸ் யோசித்தான். வெறும் வாய்ப்பேச்சாக இருக்கும் வரை அந்த நான்கு லட்சத்தை இன்னும் இரண்டு வருஷம் இழுக்கலாம். இரண்டு வருஷமாக அவன் செய்ததும் அதுதான். எழுதினால் முடியாது. ஆனால் அந்தத் தாள் இல்லாமல் வங்கிக்குப் போக வேறு வழி தெரியவில்லை.

சின்னச்சாமியின் மகள் அனுசுயா முத்திரைத் தாளில் எழுதினாள். எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். நிலத்தின் உண்மை விலை முப்பது லட்சம், பெற்றது இருபத்தாறு, பாக்கி நான்கு லட்சத்தை வருகிற தை மாதம் முடிவதற்குள் பங்கிராஸ் கொடுத்துவிட வேண்டியது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தாளை வங்கிக்கு எடுத்துப்போகச் சின்னச்சாமி சம்மதித்தார். நகல் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சுபாஸ்ரீ அதை வாசித்தாள். வாசித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சார், இதை நான் பாக்கலன்னே வச்சுக்கிறேன். எடுத்து உள்ள வைங்க."

"உண்மைய எழுதியிருக்கும்மா. அந்த அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"உண்மைதான். பத்திரத்துல குறைச்சுப் பதிஞ்சோம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இது பதிவான தாள் இல்ல, இதை வச்சு உங்க நிலத்துக்கு ஒரு ரூபாய் ஏத்த முடியாது. இன்னொருத்தருக்கு நாலு லட்சம் தரணும்னு இருக்கு பாருங்க, அது மட்டும் செல்லும். இது என் பைல்ல வந்தா உங்க கடன்ல அதையும் சேர்க்கணும்."

தாளை மடித்து அவன் பக்கம் தள்ளினாள். நாற்பத்தொரு நாள் பாக்கி இருக்கிறது என்றாள். வீடு ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டாள்.

அன்றைக்கு அவன் வீட்டில் எதுவும் கேட்கவில்லை. மூன்று நாள் சேம்பரிலேயே படுத்தான். நான்காம் நாள் காலையில் இருதயம்மாள் பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தாள். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். அவன் பின்னால் போய் நின்றான். சேம்பர் போனால் வங்கிக்கடனை அடைக்கக் கடைசியில் வீட்டையும்தான் விற்க வேண்டியிருக்கும் என்று அவளே கணக்குப் பார்த்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரி கஸ்தூரியம்மாளிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு இருபது லட்சம் மதிப்புப் போட்டார்கள். சேம்பரும் வீடும் சேர்த்து ஒரு கோடி. அறுபத்தைந்து வரை நிற்கலாம். நிற்பது அறுபத்து நான்கு. ஒரு லட்சம் இடைவெளி. அடுத்த வாரம் காகிதங்கள் தயாரானதும் இருதயம்மாள் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்துப் பேனாவை மூடிவிட்டு ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு இந்த வீட்டு வெலையும் கொறஞ்சு போச்சுன்னா?"

"அதே விதிதாம்மா" என்றாள் சுபாஸ்ரீ.

வெளியே வந்ததும் இருதயம்மாள் இராயப்பன்பட்டி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பங்கிராஸ் சேம்பருக்கு வந்தான். சின்னச்சாமி வாசலில் அடுக்கியிருந்த காலிக் கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. லாரி சாலையில் திரும்பிய பிறகு எழுந்து வந்தார்.

"பேங்குல அந்தத் தாள எடுத்துக்கிட்டாகளா?"

"இல்லண்ணே. செல்லாதுன்னுட்டாக."

"அப்ப எங்கிட்ட குடு."

தாள் அவன் சட்டைப் பையில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான். கிழித்துப்போட்டால் கேட்க எழுத்து இல்லை. வங்கியிலிருந்து அன்றைக்கு வந்த வழியெல்லாம் அதை நினைத்திருந்தான். இப்போதும் நினைத்தான். சின்னச்சாமி கையை நீட்டியபடியே நின்றார். கொடுத்தான்.

அவர் தாளைப் பிரித்து, கடைசி வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். தை முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

அந்த மூன்று மாதத்தில் எங்கிருந்து வரும் என்று பங்கிராஸுக்குத் தெரியவில்லை. ஈடு வைக்க இனி ஒன்றும் இல்லை. சின்னச்சாமிக்கு அவன் நான்கு லட்சம் ரூபாய் தர வேண்டும்.