நாற்பத்தேழாம் குழாய்

நாற்பத்தேழாம் குழாயில் ஐந்தாம் நாளும் ஒன்றும் முளைக்கவில்லை. காலையிலிருந்து ஏழு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டேன். மற்ற நூற்று முப்பத்தொன்பது குழாயிலும் பூஞ்சணம் வெள்ளை வெளேரென்று படர்ந்திருக்கிறது. இந்தச் சனியன் மட்டும் மொட்டையாக நிற்கிறது.

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலை ஆய்வுகூடத்தில் பூஞ்சணங்களை உயிரோடு வைத்திருப்பதுதான் என் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பழைய குழாயிலிருந்து ஊசி நுனியில் கொஞ்சம் எடுத்துப் புதுக் குழாயில் வைக்க வேண்டும். இல்லையென்றால் பட்டினியில் செத்துவிடும்.

நாற்பத்தேழு கொத்மலைப் பக்கத்துச் சரக்கு. வேரழுகல் நோயில் ஒரு தேயிலை மலையே காய்ந்தபோது ஒரே ஒரு தேயிலைச் செடி பச்சையாக நின்றதாம். அதன் வேரில் இருந்தது இது. அழுகலுக்கு மருந்து இதுதான் என்று எங்கள் ஆய்வாளர் கஜேந்திரன் சார் மூன்று வருஷமாக இதையே கட்டிக்கொண்டு அழுகிறார். அடுத்த வாரம் உடப்புசல்லாவையில் நோய் விழுந்த மலையில் போட்டுப் பார்க்கப் போகிறார்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நெருப்பில் காட்டிய ஊசி ஆறும்வரை பொறுக்க வேண்டும். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். வெள்ளிக்கிழமை நாலரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சூட்டோடு பூஞ்சணத்தைத் தொட்டேன். 'சுர்' என்றது. கேட்டும், குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டு ஓடினேன்.

பழைய குழாய் இருந்தால் இன்னொரு தடவை எடுக்கலாம். புதியது முளைக்கும்வரை பழையதை எறியக் கூடாது என்பது இங்கே சட்டம். குளிர்பெட்டியில் இடமில்லையென்று எல்லாவற்றையும் அன்றே வாளியில் போட்டதும் நான்தான், வேறு யார்? கழுவும் அறைக்கு ஓடினேன். சோலைமலை அண்ணன் எந்த வாளியையும் ஒரு வாரத்துக்குத் தொடமாட்டார். அந்தச் சோம்பலைத்தான் நம்பினேன்.

"அண்ணே, பழைய குழாய் வாளி எங்க?"

"அவிச்சி, கழுவி, கவுத்தும் வச்சாச்சி தங்கச்சி. நாறுது நாறுதுன்னு வெள்ளிக்கெழம நீதானே கத்துன?" என்று பெருமையாகச் சிரித்தார்.

அங்கேயே நின்று சாருக்குப் போன் போட்டேன்.

"நாப்பத்தேழு செத்துருச்சிங்க சார்."

"ஐயோ! அன்னைக்கிக் காத்துல கரண்டு போச்சே, அதாலயா?"

ஒரு 'ஆமாங்க' போதும். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாகப் போகிறது. நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லங்க சார். ஊசி ஆறுறதுக்கு முன்ன தொட்டு நான்தான் பொசுக்கிட்டேன். பழசையும் எறிஞ்சிட்டேன்."

ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கே கொத்மலைக்குப் போறேங்க சார். அந்தச் செடி வேர்ல திரும்ப எடுத்துட்டு வந்துர்றேன்" என்றேன்.

"அந்த மலைத் தேயிலைய போன வருஷமே வேரோட புடுங்கிட்டாங்க நிரோஜினி" என்றார் சார். "ஏலக்கா போட்டுருக்காங்க."