திருப்பிப் போட்ட குழாய்

பாலாவிப் பள்ளிவாசலின் புதிய மண்டபம் ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய ஸ்டோர். அது தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துக் கட்டப்பட்டதல்ல. ஆகவே தொழுகைக்கு வரிசையாக நிற்கும் ஸப்புக் கோடுகளைத் தரையில் சரிவாகத்தான் போட வேண்டும். நூல் பிடித்தால் போதும் என்றார்கள். பௌதிகம் படிப்பிக்கும் ஹுனைஸ் சேர் நான் இருக்கும் ஊரில் நூலா? லேசரால் போடுகிறேன் என்று நானே வலியப் போய் மாட்டிக்கொண்டேன்.

உண்மைக் காரணம் ஸஹ்றா. என் உம்மா அவளைப் பெண் கேட்டு வந்த பிறகு ஒரு நோன்பு மாதமும் போய்விட்டது. அவளுடைய வாப்பா முத்தலிபு ஹாஜியார், பள்ளிவாசல் தலைவர், ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சேருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்றாராம். அந்த எண்ணத்தை மாற்றுவதற்காக, அஸர் தொழுகை முடிந்ததும் ஜமாஅத்துக்கு ஒரு நீண்ட விரிவுரை நடத்தினேன். புத்தி அப்படி.

என்னிடம் இருந்தது லேசர் ஒளியை அகலமாக்கும் ஒரு குழாய். மெல்லிய ஒளி ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் தடித்து வரும். அதைத் திருப்பிப் போட்டால் ஒளி ஒடுங்கி ஊசிபோல வருமென்று அறிவித்தேன். வந்தது. குழாய்க்கு முன்னால் ஹாஜியார் பிடித்த காகிதத்தில் ஊசிமுனைப் புள்ளி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தோம். அங்கே பிளேன்டீ கோப்பைத் தட்டின் அளவுக்குப் பச்சை வெளிச்சம் அப்பிக் கிடந்தது. கிட்டத்தில் ஒடுக்கிய ஒளி தூரத்தில் இன்னும் வேகமாக விரியும். இதைப் படித்துப் பட்டம் வாங்கியவன் நான்.

அந்தத் தட்டின் நடுவைக் கண்மதிப்பில் குறித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் விளங்காது. ஆனால் ஸப்பு கோணிவிடும். சொன்னாலோ ஸஹ்றா கிடைக்கமாட்டாள்.

“ஹாஜியார், நான் பிழை விட்டுட்டன். திருப்பாமப் போட்டிருக்கணும். தொடக்கத்துல அகலமா விட்டாத்தான் தூரத்துல விரியாது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். குழாயைக் கழற்றி நேராக மாட்டினேன். சுவரில் விரல்நகம் அளவு புள்ளி விழுந்தது. ஹாஜியார் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி மகன், கோட்டப் போடுங்க,” என்றார்.

அதுவரை அவருக்கு நான் சேர் மட்டும்தான். அந்த ‘மகன்’ஐயே நினைத்துக்கொண்டு போட்டதில் முதல் கோடு கோணலாகவே விழுந்தது.