பழுப்புப் பாசிக்கு ஒரு மாத விருந்து

என் தொட்டியைச் சாக்கடை என்று சொல்லிவிட்டார் என் மாமனார். அதுவும் வந்த விருந்தாளிகள் முன்னால்!

மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பவளத் தொட்டி. கடல் உப்புக் கரைத்த நீரில் விரல் விரலாக விரியும் பச்சைப் பவளம், இரண்டு கோமாளி மீன்கள். ஒரு மாதமாகத்தான் மணல்மேல் இந்தப் பழுப்புப் பாசி. காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி படிந்துவிடும். பவளம் வேறு சுருங்கத் தொடங்கியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வளர்ப்பு மீன் கடைக்காரரை வரச் சொல்லிட்டேன்மா. தூக்கிட்டுப் போகட்டும்."

"என்னைக் கேட்காம எப்படி மாமா சொல்லலாம்? அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன். முடியலைன்னா நானே தூக்கிக் குடுத்துடறேன்."

"கண்டுபிடிச்சுட்டா அந்தப் பாசியை நானே கழுவுறேன், போம்மா!"

என் வீட்டுக்காரர் எனக்கென்ன வந்தது என்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இருக்கட்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் கோளாறையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்கு இந்தப் பாசியா பெரிசு?

விளக்கு நேரத்தைக் குறைத்தேன். பாசி அசையவில்லை, பவளம்தான் இன்னும் சுருங்கியது. தீனியைப் பாதியாக்கினேன். மீன்கள் என்னை முறைத்தன. சனிக்கிழமை காலை, வற்றும் நீருக்கு ஈடாக ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர் மட்டுமே பாக்கி. கரைந்த உப்பைக் காட்டும் மீட்டரை வழக்கம்போல வடிகட்டியின் வாயில் பிடித்தேன். பூஜ்யம், தண்ணீர் சுத்தம். இதுவும் காரணமில்லை, போச்சுடா என்று எரிச்சலில் அந்த நீர் சொட்டிச் சேரும் கேனுக்குள் மீட்டரைப் போட்டேன். நூற்றெழுபது! குழாய்த் தண்ணீர் அளவுக்கு உப்பு.

மாதிரியை எங்கே எடுத்தீர்கள் என்று வேலையில் எல்லோரிடமும் கத்துகிறவள் நான். வீட்டில் ஒரு நாளாவது கேனைச் சோதித்தேனா? என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரு மாதமாக அந்தக் கேன் காலியாகவே இல்லை. மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஒரு மாதம்தான்.

"மாமா, இந்தக் கேனை நிரப்புறது யாரு?"

"நான்தான். அது சொட்டுச் சொட்டா விழறதுக்கு நீ காத்துக் கிடக்கிறியேன்னு, பாதியானதும் குழாயைத் திறந்து நிரப்பி வெச்சிடுவேன். ஏன்மா?" பெருமையாகத்தான் சொன்னார்.

"குழாய்த் தண்ணியில இருக்கிற சிலிகேட்டுங்கிற உப்புதான் இந்தப் பாசிக்குச் சாப்பாடு. ஒரு மாசமா விருந்து வெச்சிருக்கீங்க மாமா!"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் இரண்டு பெரிய டப்பாக்களோடு வந்து நின்றார். பாசி ஒரே நாளில் போய்விடுமா? தொட்டி பழுப்பாகத்தான் இருந்தது.

"ஐயா, தூக்கிடலாமா?"

"எதை?" என்றார் மாமனார், திரும்பாமலே. முழங்கை வரை ஈரம். கையில் மணலை உறிஞ்சும் குழாய்.

"அந்த மூலையை விட்டுட்டீங்க மாமா," என்றேன்.