இரும்புக்கு ஆறு சதவீதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் கூடத் தேய்க்காமல், பழைய பத்மினி காரின் முன்னால் குந்தியிருந்தார் என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டர். மெஷினில் ஒரு மயிரிழை பிசகு இருந்தாலும் டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருப்பது மட்டும் தெரியாது. ஒன்றரை வருடமாக இந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார். நான் பண்ணாத கேலி இல்லை. ஆனாலும் அது ஓடிவிட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். சொன்னால் மனிதர் தலைமேல் ஏறிக்கொள்வார் என்று சொன்னதில்லை.

வீட்டு ஓனர் மாரப்பன் வந்து நின்றார். கார் நிற்கிற இடத்தில் மறுநாள் கான்கிரீட் போடப்போகிறார். காரை எடுக்க ஏற்கனவே நாலு தவணை கொடுத்தவர், குறை சொல்ல முடியாது.

"இசக்கி, பொழுது சாயறதுக்குள்ள அது தானா நவுந்துச்சுன்னா சரி. இல்லீனா நாளைக்குப் பழைய இரும்புக்காரன வரச் சொல்லிப்போட்டனுங்க."

"சரிங்க அண்ணாச்சி" என்றார் இவர், தலையைத் தூக்காமல்.

இன்ஜினில் வால்வுகள் திறக்கவும் மூடவும் நேரம் உண்டு. செயின் சக்கரத்தில் இருந்த அடையாளப் புள்ளி அழிந்துபோனதால், இன்ஜின் எத்தனை டிகிரி சுற்றும்போது வால்வு அசைகிறது என்று அளந்துதான் பூட்ட வேண்டும். அதற்கு முந்நூற்றறுபது கோடு போட்ட வட்டத் தட்டு வேண்டும். "நான் அடிச்சுத் தாரேன்" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் துணி வெட்டும் பேட்டர்ன் போடுவது என் வேலை. அங்கிருக்கும் பெரிய பிரிண்டரான பிளாட்டரில் வட்டத்தை அடித்து, அட்டையில் ஒட்டி, கோட்டின் மேலேயே வெட்டிக் கொடுத்தேன். அன்று காலை அதை இன்ஜினில் மாட்டி அளந்தார்.

"தொறக்குறது புத்தகத்துல உள்ளபடி இருக்கு. மூடுறது ரெண்டு டிகிரி தள்ளிப்போவுது. வால்வைத் தள்ளுற கேம் ஷாஃப்ட் தேஞ்சிட்டு, ஜோதி. புதுசுக்கு எங்க போவ?"

"ரெண்டு டிகிரிக்கா இந்த மூஞ்சி?"

"தேஞ்சத மாட்டி நடுரோட்டுல நிக்கச் சொல்லுதியா?"

டயல் கேஜைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் அந்தப் பெட்டியை மூடினால் வேலையைக் கைவிட்டார் என்று அர்த்தம். திட்டிக்கொண்டே ஸ்பேனரை எடுத்து நானே இன்ஜினைச் சுற்றினேன். டிகிரியைக் காட்டும் கம்பி தட்டின் விளிம்பை உரசியது. கால் சுற்றுப் போனதும் விலகியது. அடுத்த கால் சுற்றில் மறுபடி உரசியது.

"கோணலா மாட்டியிருக்கீங்க."

"நான் மாட்டுனதா கோணல்?"

ரோஷத்தோடு கேஜைத் திரும்ப எடுத்து வைத்துக் காட்டினார். நடு மையம் இம்மியும் பிசகவில்லை. நான் வீட்டுக்குள் போய் என் டேப்பை எடுத்து வந்தேன். தட்டின் குறுக்கே இருபத்தைந்து சென்டிமீட்டர். நெடுக்கே இருபத்தாறரை.

தப்பு என்னுடையது. அந்த வாரம் ஓடிய ஆர்டரின் துணி, துவைத்தால் நீளத்தில் ஆறு சதவீதம் சுருங்கும். அந்த அளவு கூட்டிப் போடும்படி கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். வட்டத்தையும் அது டி-ஷர்ட் என்று நினைத்து இழுத்து, டிகிரிக் கோடுகளையும் தள்ளிவிட்டிருக்கிறது. ஒளிக்காமல் சொன்னேன். அவர் தட்டைக் கழற்றித் தூக்கிப் பார்த்தார்.

"ஏட்டி, இரும்பத் தொவைக்கவா போறோம்?"

சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தோடு நானும் சிரித்தேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கையாலேயே பேட்டர்ன் போட்டவள் நான். காம்பஸையும் பாகைமானியையும் வைத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் புது வட்டம் வரைந்து கொடுத்தேன். மாட்டிச் சுற்றினோம். திறப்பதும் மூடுவதும் புத்தகத்தில் இருந்தபடியே நின்றன; கேம் ஷாஃப்ட் தேயவே இல்லை. அவர் கிரீஸ் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினார்.

ரேடியேட்டரை மாட்டி, எண்ணெய் ஊற்றி, பேட்டரியைக் கோத்தபோது மணி ஐந்து. முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவையும் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. காம்பவுண்டு முழுக்கப் புகை, குடியிருப்பவர்கள் எல்லாம் வாசலில். நான் ஓடிப்போய் முன்னால் ஏறிக்கொண்டேன். மாரப்பன்தான் கேட்டைத் திறந்துவிட்டார்.

கார் தானாக நகர்ந்தது. மாரப்பனும் கூடவே நடந்தார். பிறகு நடை போதாமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அம்மிணி, பெருமாநல்லூர் வரைக்கும் போகுமுங்களா?"

"இப்பத்தான் நாலு வீடு தாண்டியிருக்கு அண்ணாச்சி."

நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்று இசக்கிமுத்து நிறுத்தவில்லை. மாரப்பன் பின்கதவைத் திறந்து, ஒற்றைச் செருப்பைத் தெருவில் விட்டுவிட்டு, வேட்டியை அள்ளிப் பிடித்தபடி உள்ளே ஏறினார்.